புகையே பிடிக்காத அப்பாவுக்கு மாரடைப்பு: சாலைக் காற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மேல்மாடிச் சன்னல் (கேள்வி)

அப்பாவுக்கு 67 வயது. எட்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது தேறிவிட்டார். மாத்திரைகளை நேரம் தவறாமல் போட்டுக்கொள்கிறார், உப்பைக் குறைத்துவிட்டார், தினமும் 45 நிமிடம் நடக்கிறார்.

மருத்துவமனையில் இருந்த நாட்களில் "புகைப் பழக்கம் உண்டா?" என்று மூன்று பேர் மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் இல்லை என்றார். வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடத் தொட்டவர் இல்லை. சர்க்கரை நோயும் கிடையாது. வீட்டுக்கு வந்த அன்று இரவு, "நான் என்ன தவறு செய்தேன்?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து அது என்னை விடவே இல்லை.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. 31 ஆண்டுகள் போக்குவரத்துக் காவலர். நான்கு சாலைகள் கூடும் சந்திப்புகளில், வண்டிகளின் நடுவே நின்றவர். நான் சிறுமியாக இருந்தபோது அவருடைய கைக்குட்டைகளைத் துவைப்பது என் வேலை. வெள்ளைத் துணியின் நடுவில் இரண்டு கரும்புள்ளிகள் அருகருகே இருக்கும். மூக்கின் இரண்டு துளைகளையும் அச்செடுத்தது போல. எவ்வளவு சோப்புப் போட்டுக் கசக்கினாலும் புள்ளியின் விளிம்பு மட்டும் சாம்பல் நிறத்தில் தங்கிவிடும்.

சென்ற மாதம் நுண்துகளை அளக்கும் சிறிய கருவி ஒன்றை வாங்கி, சாலையைப் பார்த்த சன்னலில் வைத்தேன். மூன்று வாரமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். காலை 6 மணிக்கு பி.எம். 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகள்களின் அளவு 80 முதல் 95 வரை காட்டுகிறது. பிற்பகல் 3 மணிக்கு 28, 30, 35 என்று இறங்கிவிடுகிறது. அப்பா நடக்கப் போவது சரியாகக் காலை 6 மணிக்கு. அதுவும் பிரதான சாலையின் ஓரத்தில்.

என் கேள்விகள்: புகை நுரையீரலுக்குத்தானே போகும், இதயத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? அவர் நடப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டுமா? அடைப்புக்குக் காரணம் அந்தச் சந்திப்புகள்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய மிதிவண்டி

சகோதரி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் ஒரு கருவியின் எண்ணைக் காட்டி அவரை வீட்டுக்குள் உட்கார வைத்துவிடாதீர்கள். எனக்கு 71 வயது, 40 ஆண்டுகளாகக் காலையில்தான் நடக்கிறேன். காலைக் காற்றுதான் சுத்தமானது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். புகை அதிகமானால் இருமல் வரும், மூச்சு வாங்கும். அது நுரையீரல் சங்கதி. இதயத்துக்குக் கேடு செய்பவை கொழுப்பும் மனக்கவலையும் உட்கார்ந்தே இருப்பதும்தான். நடையை நிறுத்தினால் அவர் மனமும் சோர்ந்துவிடும்.

இரவுப் பணி செவிலி

ஐயா, நடையை நிறுத்தக் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம். இருமல்தான் அடையாளம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. இதய தீவிர சிகிச்சைப் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இருமலே இல்லாதவர்களைத்தான் அங்கே அதிகம் பார்க்கிறேன்.

காற்று மாசால் நேரும் மரணம் என்றதும் எல்லோர் கண்ணிலும் நுரையீரல்தான் நிற்கிறது. உலக சுகாதார அமைப்பின் கணக்கைப் பாருங்கள். வெளிக்காற்று மாசால் 2019-இல் நேர்ந்த அகால மரணங்களில் 68 சதவீதம் இதய இரத்தக் குழாய் நோயாலும் பக்கவாதத்தாலும் நேர்ந்தவை. நுரையீரல் புற்றுநோயின் பங்கு 4 சதவீதம். முதல் முறை இதைப் படித்தபோது நானே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான பருமனும் கொண்ட துகள்கள், தலைமுடியின் குறுக்களவில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியும் சளியும் தொண்டையும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். இவற்றில் பெரும்பகுதி தப்பி, நுரையீரலின் கடைசி முனையில் இருக்கும் காற்றுப் பைகள் வரை இறங்கிவிடும். அந்தப் பையின் சுவருக்கு அந்தப் பக்கமே இரத்தம் ஓடுகிறது.

அங்கே காவலுக்கு இருக்கும் விழுங்கு செல்கள் துகளை விழுங்கப் பார்க்கின்றன. கரி, உலோகம், எரியாத எண்ணெய் இவையெல்லாம் ஒட்டிய துகளை அவற்றால் செரிக்க முடியாது. ஆகவே ஆபத்து என்று குரல் கொடுக்கின்றன. அந்தக் குரல் வேதிப்பொருளாக இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது. கல்லீரல் அதைக் கேட்டு, இரத்தத்தை உறையச் செய்யும் ஃபைப்ரினோஜென் போன்ற புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. காயம் பட்டிருந்தால் இது நல்ல ஏற்பாடுதான். காயம் எதுவும் இல்லாதபோது, குழாய்களில் ஓடும் இரத்தம் எளிதில் உறையக்கூடியதாக மாறிப்போகிறது, அவ்வளவுதான். இரத்தக் குழாயின் உட்சுவர் தேவைக்கு ஏற்ப விரியும் தன்மையையும் இழக்கிறது. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த இடம் அழற்சியால் வெடித்தால், அதன் மேல் உறைகட்டி விழுந்து குழாயை மூடிவிடும். மாரடைப்பு என்பது பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு வழி நரம்பு. நுரையீரலில் உள்ள உணர்முனைகள் சீண்டப்பட்டதும், ஓடவோ சண்டையிடவோ உடம்பைத் தயார் செய்யும் நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. குழாய்கள் இறுகுகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது, துடிப்புக்குத் துடிப்பு இருக்க வேண்டிய இயல்பான ஏற்ற இறக்கம் குறைகிறது. இதற்கு ஆண்டுகள் தேவையில்லை. சில மணி நேரமே போதும்.

மூன்றாவதாக, மிக மிகச் சிறிய துகள்கள் நேராக இரத்தத்துக்குள்ளேயே போய்விடுகின்றன. எடின்பரோவில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2017-இல் வெளிவந்தது. புகைத் துகளை உடம்புக்குள் தேடுவது கடினம் என்பதால், தீங்கில்லாத தங்கத்தின் நுண்துகளைத் தன்னார்வலர்களை உள்ளிழுக்கச் செய்தார்கள். ஒரு நாளுக்குள் பலருடைய இரத்தத்திலும் சிறுநீரிலும் தங்கம் தென்பட்டது. மூன்று மாதம் கழித்தும் சிலரிடம் இருந்தது. கழுத்து இரத்தக் குழாயின் அடைப்பை நீக்க அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களும் அதை உள்ளிழுத்தார்கள். வெட்டி எடுத்த கொழுப்புப் படிவில் தங்கம் இருந்தது. உடம்பில் எவ்வளவோ இடம் இருக்க, நோயுற்ற இடத்திலேயே அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில்: ஒருவருக்கு வந்த அடைப்பை எடுத்துப் பார்த்து, இது சாலைப் புகையால் வந்தது, இது வயதால் வந்தது என்று பிரிக்க எந்தப் பரிசோதனையும் இல்லை. ஆனால் பல ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிறது. அமெரிக்காவில் ஆறு நகரங்களில் 8,111 பேரைப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். வயது, புகைப் பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் கழித்த பிறகும், ஆறில் மிக மாசடைந்த ஸ்டூபன்வில்லில் இறப்பு விகிதம், மிகச் சுத்தமான போர்ட்டேஜைவிட 26 சதவீதம் அதிகம். இது 1993-இல் வெளியானது. ஆகவே உங்கள் அப்பாவிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்: அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. வேலை செய்தார்.

வடிதாள்

காற்று மாதிரி எடுக்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன். சகோதரியின் கைக்குட்டையைப் படித்ததிலிருந்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

அந்தக் கரும்புள்ளிகள் மூக்கு தடுத்து நிறுத்தியவை. பெரும்பாலும் பருத்த தூசியும் கரிப் பொடியும். துணியில் பதிந்த அளவுக்கு அவருடைய உடம்பு வென்றிருக்கிறது. செவிலி அம்மா சொன்ன துகள்கள் கைக்குட்டைக்கே வரவில்லை. அவற்றை நாங்கள் வேறு விதமாகப் பிடிக்கிறோம்.

47 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான வெள்ளைத் தாள். அதன் வழியாக நிமிடத்துக்கு 16.67 லிட்டர் காற்றை 24 மணி நேரம் இழுக்கிறோம். மொத்தம் 24 கன மீட்டர். பெரிய துகள்களை முன்னாலேயே பிரித்துத் தள்ளிவிடும் அமைப்பு உண்டு, நுண்துகள் மட்டும் தாளில் சேரும். வைப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும் எடை பார்ப்போம். விரல் பட்டால் அந்த எண்ணெய்ப் பிசுக்கே எடையைக் கெடுத்துவிடும் என்பதால் இடுக்கியால்தான் தொடுவோம். காற்றில் கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் இருந்த நாளில் தாளில் ஏறும் எடை 1.7 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகை உப்பில் நூறில் ஒரு பங்குகூட வராது. ஆனால் தாளைப் பார்த்தால் நடுவில் வட்டமாகக் கருத்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வெல்வெட் துணிபோல இருக்கும். ஒரு மனிதர் ஒரு நாளில் உள்ளிழுக்கும் காற்று, அந்தத் தாள் வழியாகப் போனதில் ஏறக்குறைய பாதி. முதல் முறை அந்தக் கணக்கைப் போட்டபோது, கையில் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் கீழே வைக்க முடியவில்லை.

இனி உங்கள் நோட்டைப் பற்றி. முதலில், கருவி காட்டும் எண் மைக்ரோகிராமா, காற்றுத் தரக் குறியீடா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. குறியீடு என்பது ஒவ்வொரு நாடும் தன் அட்டவணைப்படி மாற்றிக் கணக்கிடுவது. 90 என்ற குறியீடும் 90 மைக்ரோகிராமும் வெவ்வேறு. மைக்ரோகிராம் என்றால், ஒப்பிட உங்களுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2021-இல் விதித்த வழிகாட்டு அளவு, 24 மணி நேரச் சராசரிக்கு 15, ஆண்டுச் சராசரிக்கு 5.

அடுத்தது ஈரம். இந்தச் சிறிய கருவிகள் ஒளியைச் சிதறடிக்கும் துகள்களை எண்ணுபவை. விடியலில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும், கருவி கூடுதலாகக் காட்டும். 90-இல் ஒரு பகுதி பனியின் கணக்காக இருக்கலாம். அருகில் உள்ள அரசுக் கண்காணிப்பு நிலையத்தின் மணிவாரி அளவோடு ஒரு வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனாலும் காலையில் அதிகம், பிற்பகலில் குறைவு என்ற போக்கு உண்மையானது. பெரியவர் மிதிவண்டி ஐயா மன்னிக்க வேண்டும். இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்று மூடிபோல அமர்ந்துகொள்கிறது. இரவெல்லாம் வெளிவந்த புகையும் விடியலில் ஓடத் தொடங்கும் வண்டிகளின் புகையும் அந்த மூடிக்குக் கீழேயே நிற்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் காற்று மேலெழுந்து கலந்து புகை நீர்க்கும். காற்று வீசாத குளிர்கால விடியல்தான் எங்கள் தாள்கள் மிகக் கருக்கும் நேரம். காலையில் குளுமையாக இருப்பதால் சுத்தமாகத் தோன்றுகிறது.

இரண்டாம் வாய்ப்பு

எனக்கும் ஸ்டென்ட் இருக்கிறது, ஐந்து ஆண்டுகளாக. என் மருத்துவர் நேரத்தையும் தெருவையும் மாற்றச் சொன்னார், நடையை அல்ல. உட்தெருவுக்கு மாறினேன். முதல் வாரமே சாலை இரைச்சல் இல்லாதது எவ்வளவு நிம்மதி என்று தெரிந்தது.

இரவுப் பணி செவிலி

அதைத்தான் எழுத வந்தேன். இதற்கென்றே ஓர் ஆய்வு லண்டனில் நடந்தது. 60 வயதைத் தாண்டிய 119 பேர். அவர்களில் இதய நோயாளிகளும் இருந்தார்கள், நுரையீரல் நோயாளிகளும் ஆரோக்கியமானவர்களும் இருந்தார்கள். ஒரு நாள் டீசல் வண்டிகள் நெரியும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இரண்டு மணி நேரம் நடக்க வைத்தார்கள், இன்னொரு நாள் ஹைட் பூங்காவில். பூங்காவில் நடந்த பிறகு தமனிகளின் விறைப்பு தளர்ந்தது, மூச்சும் மேம்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் நடந்தபோது அந்த நன்மையில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. அதே கால்கள், அதே இரண்டு மணி நேரம். இதய நோய்க்கு மாத்திரை எடுத்துவந்தவர்களிடம் கெடுதல் குறைவாகத் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே மாத்திரை விஷயத்தில் அப்பாவின் ஒழுங்கு அப்படியே தொடரட்டும்.

டீசல் புகையைப் பற்றி இன்னொன்று. மாரடைப்பு வந்து தேறிய 20 ஆண்களை, அறைக்குள் மிதிவண்டிக் கருவியில் மிதிக்கச் செய்து, நீர்த்த டீசல் புகையை ஒரு மணி நேரம் சுவாசிக்க வைத்தார்கள் (2007). சுத்தமான காற்றில் மிதித்ததைவிட அப்போது இ.சி.ஜி.யில் இதயத் தசைக்கு இரத்தம் போதாத அறிகுறி கூடுதலாகத் தெரிந்தது. உறைகட்டியைக் கரைக்க உடம்பு தானே சுரக்கும் பொருளும் குறைந்தது. அவர்களில் யாருக்கும் நெஞ்சு வலிக்கவில்லை. வலி இல்லையே என்று நாம் தைரியமாக இருப்பது இங்கே உதவாது.

அப்பாவுக்கு என்ன செய்யலாம்? பிற்பகலோ மாலைக்கு முன்னோ, வண்டிகள் குறைந்த தெருவில் நடக்கட்டும். மிக மோசமான நாளில் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். வெளியே போயே ஆக வேண்டும் என்றால் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 முகக்கவசம். ஓரத்தில் இடைவெளி விட்ட துணியும் மெல்லிய அறுவை முகக்கவசமும் நுண்துகளுக்குப் போதாது. அதை அணிந்து நடக்கையில் மூச்சு முட்டினால் நின்றுவிட வேண்டும். காலை நெரிசல் நேரத்தில் சாலைப் பக்கச் சன்னல்களை மூடி, பிற்பகலில் திறங்கள். காற்று வடிகட்டி வாங்குவதானால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா வகை, அவர் தூங்கும் அறையின் அளவுக்கு ஏற்றது. ஓசோன் வெளியிடும் கருவிகள் வேண்டவே வேண்டாம். சமையலில் எண்ணெய் புகையும்போது உங்கள் கருவியை அடுப்பு அருகே வைத்துப் பாருங்கள், வெளிக்காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது என்று தெரியும். எதை மாற்றினாலும் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை. நெஞ்சில் அழுத்தம், குளிர் வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் காற்றைப் பற்றி யோசிக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

பழைய மிதிவண்டி

படித்தேன். அந்த மூடி விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். 40 ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் விட முடியாது, ஆனால் நாளை முதல் வெயில் ஏறிய பிறகு கிளம்பலாம் என்று இருக்கிறேன். சகோதரி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மேல்மாடிச் சன்னல்

எல்லோருக்கும் நன்றி. பதினைந்து நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன்.

கருவியின் எண் மைக்ரோகிராம்தான். அரசு நிலையத்தோடு ஒப்பிட்டேன். வடிதாள் அண்ணா சொன்னது சரி. பனி இருந்த காலைகளில் என் கருவி அதிகமாகத்தான் காட்டியிருக்கிறது. நிலையத்தில் 60, 65. பிற்பகலில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

செவிலி அம்மா எழுதியதை அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். "வேலை செய்தார்" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தங்க விஷயத்தை மறுபடி படி" என்றார்.

இப்போது பிற்பகல் மூன்றரைக்கு உட்தெருவில் நடக்கிறார். மருத்துவரும் சரி என்றுவிட்டார். முதல் நாள் என் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர், இப்போது அதைத் திருப்பித் தருவதே இல்லை. நோட்டும் அவர் கைக்குப் போய்விட்டது. என் கிறுக்கலுக்குக் கீழே அவருடைய நேரான கையெழுத்தில் தேதி, நேரம், இடம், எண் என்று நான்கு பத்திகள். பணிக்காலத்தில் குறிப்பேடு எழுதியது போலவே.

சென்ற புதன்கிழமை முகக்கவசம் அணிந்து, தான் கடைசியாகப் பணியாற்றிய சந்திப்புக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தார். உட்தெருவில் 33. சந்திப்பின் நடுவில், சிவப்பு விளக்கில் வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றபோது 112. அங்கே பணியில் இருந்த இளைஞரின் முகத்தில் ஒரு துணிகூட இல்லையாம். இரவு உட்கார்ந்து மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறார். சந்திப்பில் நிற்பவர்களுக்குப் பொருத்தமான முகக்கவசம், ஒருவரையே நாள் முழுவதும் நிறுத்தாமல் சுழற்சி முறைப் பணி, ஆண்டுக்கு ஒரு முறை இதயப் பரிசோதனை. கடிதத்தோடு அளவுகளையும் இணைக்கப் போகிறாராம்.

அதற்காக வடிதாள் அண்ணாவிடம் கேட்கச் சொன்னார்: கருவியை எந்த உயரத்தில் பிடித்து அளந்தால் அவர்கள் மறுக்க முடியாது?

வடிதாள்

மூச்சு விடும் உயரத்தில். தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர். சட்டைப் பைக்குள் வேண்டாம், கையில் பிடிக்கச் சொல்லுங்கள், காற்றுப் போகும் துளையை விரல் மறைக்கக் கூடாது. ஒரே எண்ணை எழுதாமல், ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து எண்கள் எழுதட்டும். அன்றைய ஈரப்பதத்தையும் அதே நேரத்தில் அரசு நிலையம் காட்டிய அளவையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். அவரே போய் நிற்க வேண்டியதில்லை. உட்தெரு அளவை அவர் எடுக்கட்டும், சந்திப்பு அளவை நீங்கள் போய் எடுத்து வாருங்கள்.